எழுநூறு முறை சுவரில் மோதும் குரல்

சென்ற பங்குனியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தன் அம்மம்மாவுடன் என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தாள். கோணேசர்மேல் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தைப் பாடிப் பதிய வேண்டும். கனடாவில் மாமா வீட்டுக் குடிபூரலுக்கு அனுப்புவதற்காம். திருகோணமலை உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் நான் கட்டியிருக்கும் அறை நீளம், அகலம், உயரம் எல்லாமே மூன்று மீட்டர்தான். சுவர்களில் பஞ்சு மெத்தை, கூரைக்கடியில் கம்பளி, கதவிடுக்கில் பழைய சாக்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி அவளை நிற்கவைத்தேன். நல்ல சாரீரம். சுருதி விலகாமல் முதற்பாட்டைப் பாடி முடித்தாள். ஹெட்போனில் திரும்பப் போட்டுக் காட்டினேன். கேட்கக் கேட்க அவள் முகம் வாடிவிட்டது.

"மாமா, என்ர குரல் ஏன் இப்பிடி மொட்டையாக் கிடக்கு?"

ஒலிப்பதிவுக்காரர்கள் இதை 'டிரை' என்பார்கள். உலர்ந்த குரல் என்று பொருள். பிள்ளை சொன்ன சொல் அதைவிடப் பொருத்தமானது. மிக்சரில் ஒரு பிடியை மெல்ல மேலே தள்ளினேன். அதே குரல், அதே பாட்டு. அவள் கண் விரிந்தது. "இப்ப கோயிலுக்குள்ள நிண்டு பாடின மாதிரி இருக்கு!" கதவடியில் இருந்த அம்மம்மா கைகூப்பினார்.

அந்தப் பிடிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மெத்தை அடித்த என் சிறிய அறையில் தொடங்கும் இந்தக் கதை, துறைமுகத்தின் அந்தக் கரையில், சீனக்குடாக் காட்டுக்குள் போய் நிற்கும்.

ஒருவர் பாடும்போது அவருடைய குரல் மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. வாயிலிருந்து கிளம்பிய ஒலியில் ஒரு சிறு பங்குதான் நேராக நம்மிடம் வருகிறது. மீதி எல்லாம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி, மறுபடி மோதி, சற்றுப் பிந்திப் பிந்தி வந்து சேர்கிறது. பிந்துவது விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் மூளை அதைத் தனி ஒலியாகப் பிரித்தறியாது. முதலில் வந்த குரலோடு சேர்த்து ஒட்டிவிடும். அந்த ஒட்டலைத்தான் குரலின் நிறைவு, ஈரம், கம்பீரம் என்றெல்லாம் உணர்கிறோம். எங்கள் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். ஆகவே போக வர இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எட்டு, ஒன்பது மீட்டருக்கு அப்பால் ஒற்றைச் சுவர் ஒன்று நின்றால் அதிலிருந்து திரும்புவது தனி எதிரொலியாகக் கேட்கும். நாலாபுறமும் சுவர் சூழ்ந்திருந்தால் ஆயிரம் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிரிக்க முடியாத ஒரே இழையாகத் தேய்ந்து மறையும். பாடப்புத்தகம் இதை எதிர்முழக்கம் என்கிறது. ஸ்டூடியோவில் ரிவர்ப்.

இது எவ்வளவு நேரம் நீடிக்கும்? மோதல்களை எண்ணினால் விடை கிடைத்துவிடும். ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேயும்போது அது அடங்கிவிட்டதாகக் கொள்வது மரபு. என் அறையில் ஒலி சராசரியாக இரண்டு மீட்டர் ஓடுவதற்குள் எதிலாவது மோதும். அதாவது விநாடிக்கு 175 மோதல். மெத்தை ஒவ்வொரு மோதலிலும் பாதியை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று இருபது தடவை போனால் பத்து லட்சத்தில் ஒன்று வந்துவிடும். இருபது மோதல் நடக்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பிள்ளையின் குரல் மொட்டையானது அதனால்தான்.

இப்போது மெத்தையையும் கம்பளியையும் கழற்றிவிட்டுச் சீமெந்துச் சுவரை வெறுமையாக விடுங்கள். சுவர் நூற்றில் இரண்டு பங்கை மட்டுமே விழுங்கினால், பத்து லட்சத்தில் ஒன்றுக்குத் தேய ஏறத்தாழ எழுநூறு மோதல் வேண்டும். அதே அறையில் அதற்கு நான்கு விநாடி ஆகும். குளியலறையில் எவருக்கும் பாட வருவது இந்தக் கணக்கினால்தான்.

மோதல்களுக்கும் நேரத்துக்கும் இடையிலான இந்த உறவை முதலில் அளந்து சொன்னவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்து விநாடிக்கு மேல் நின்று, அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்களை மூடியது. சபைன் ஓர் ஆர்கன் குழாயையும் நிறுத்து கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, வீதி இரைச்சல் அடங்கும் நள்ளிரவுகளில் வேலை செய்தார். பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சுமந்து வந்து மண்டபத்தில் அடுக்கி, குழாயை ஊதி, முழக்கம் அடங்கும்வரை காதால் கேட்டு அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். அந்த இரவுகளில் பிறந்த சூத்திரம் இது: அறையின் கன அளவைச் சுவர்கள் விழுங்கும் அளவால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் முழக்கத்தின் நேரம் வரும். கட்டடக்கலைஞர்கள் இன்றைக்கும் இதைக்கொண்டே மண்டபம் கட்டுகிறார்கள். 1900இல் திறந்த பொஸ்டன் இசை மண்டபம் இதை வைத்துத் திட்டமிட்ட முதலாவது.

சரி, மொட்டையாகப் பதிவதுதான் எதற்கு? பெரிய மண்டபத்திலேயே பாடவைத்துப் பதியலாமே?

முன்னர் அப்படித்தான் பதிந்தார்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒன்றிரண்டு ஒலிவாங்கிகளுக்கு முன். வயலின் கூடக் கேட்டால் வயலின்காரரின் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். புல்லாங்குழல் போதாதென்றால் முன்னுக்கு. கலவை என்பது நாற்காலிகளின் ஏற்பாடாகவே இருந்தது. யாராவது ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. அந்தப் பாட்டில் கூடத்தின் முழக்கம் குரலோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும். இலங்கை வானொலியின் பழைய கலையகப் பதிவுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கூடத்தின் வாசனையே பாட்டிலிருந்து எழுவதுபோல இருக்கும். எங்கள் திருகோணமலையிலிருந்து எழுந்த எம். பி. பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் மெல்லிசையும் அந்தக் காலத்துக் குழந்தைதான். ஈழத்துத் தமிழ் இசைத்தட்டு வரலாற்றில் முன்வரிசைப் பெயர் பரமேஷ்.

பல தடங்களில் பதியும் முறை வந்ததும் நிலைமை தலைகீழாகியது. குரல் ஒரு தடம், மிருதங்கம் ஒரு தடம், வயலின் ஒரு தடம். ஆளுக்கொரு நாள் வந்து பாடலாம், வாசிக்கலாம். 1989இல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளவில் பஞ்சதன் ரெக்கோர்ட் இன் என்ற கூடத்தை அமைத்தார். 1992இல் வந்த 'ரோஜா' பாடல்கள் உலகத்தையே நிமிர்ந்து பார்க்கவைத்தபோது, ஒரு வீட்டுப் பின்புறத்திலிருந்தும் கடல் அளவு வெளியை உண்டாக்கலாம் என்று எங்களைப் போன்றவர்கள் கண்டுகொண்டோம். ரஹ்மானின் பாடல்களைப் பல ஆண்டுகள் பதிந்து கலந்த எச். ஸ்ரீதர் 2008இல் மறைந்தார். அவர் கலவையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் இடம் இருக்கும். கண்ணை மூடினால் இது இங்கே, அது அங்கே என்று விரல் நீட்டலாம்.

அந்த 'இடம்' என்பதுதான் கலவையின் உயிர். தனித்தனியாக மொட்டையாகப் பதிந்த ஒலிகளை அப்படியே கூட்டினால் எல்லாரும் நம் மூக்குக்கு முன்னால் நின்று கத்துவது போலிருக்கும். ஒன்றின் சுரம் இன்னொன்றை மூடும். ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும். இடமா வலமா என்பதை இரு ஸ்பீக்கர்களுக்கும் பங்கிடும் அளவு தீர்மானிக்கும். கிட்டவா எட்டவா என்பதைத் தீர்மானிப்பது ரிவர்ப். நேர்க் குரலுக்கும் முதல் மோதல் திரும்பி வருவதற்கும் இடையில் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு வெறுமையாக விட்டுப் பாருங்கள். பாடகர் முன்னால் நிற்க, சுவர்கள் பின்னால் விலகிப் போகும். அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் அவரே மண்டபத்தின் கடைக்கோடிக்குப் போய்விடுவார். காது இவ்வளவு நுண்மையாக அளக்கிறது என்பதை முப்பது வருடமாக இந்த வேலை செய்தும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே மண்டபத்தைக் கொடுக்கவும் கூடாது. நிதானமாகப் பாடும் விருத்தம் மூன்று விநாடி முழக்கத்தை ஏந்தி நிற்கும். கார்வை நீளும் இடங்களில் அது சுரத்துக்கு அடியில் பாய் விரித்தது போலிருக்கும். அதே மூன்று விநாடியை மிருதங்கத்துக்குக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லும் அடுத்த பத்துச் சொல்லின்மேல் வழிந்து, சபைனின் மண்டபம் போலாகிவிடும். தவில் தேரோடும் வீதிக்குப் பிறந்த வாத்தியம். அதைக் குகைக்குள் அடைப்பது பாவம்.

மண்டபம் இல்லாத ஸ்டூடியோக்கள் முழக்கத்துக்கு என்ன செய்தன? 1947இல் சிக்காகோவில் பில் பட்னம் குளியலறைக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஒலிவாங்கியையும் வைத்து, அதன் முழக்கத்தை மௌத் ஓர்கன் குழுவொன்றின் இசையோடு கலந்தார். அந்தப் பாட்டு அமெரிக்காவெங்கும் ஓடியது. அதன்பின் பெரிய ஸ்டூடியோக்கள் நிலத்தடியில் வெறும் சீமெந்து அறைகளைக் கட்டின. 1957இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் அறையையே நீக்கிவிட்டது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள உருக்குத் தகடு. அதைச் சட்டத்தில் விறைப்பாகத் தொங்கவிட்டு, ஒரு முனையில் குரலை அதிர்வாக ஊட்டி, வேறிடத்தில் எடுத்தார்கள். அதிர்வு தகட்டின் விளிம்புகளில் மோதி மோதித் திரும்பும். இரண்டு பரிமாணத்தில் ஒரு மண்டபம். அறுபதுகள், எழுபதுகளின் எண்ணற்ற பாடல்களில் குரலைச் சுற்றி மினுங்கும் பட்டு விளிம்பு இந்த உருக்குத் தகட்டின் வேலை.

உருக்கும் முழக்கமும் என்றதும் என் மனம் சீனக்குடாவுக்குத் தாவிவிடும். பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்காக அங்கே கட்டிய எண்ணெய்க் குதங்கள் இன்றைக்கு 99 நிற்கின்றன. கீழ்த் தொகுதியில் 15, மேல் தொகுதியில் 84. எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், பாலையும் வீரையும் மூடிய காட்டுக்குள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீட்டர் கொள்ளும் உருக்கு உருளைகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது விமானம் ஒன்று ஒரு குதத்தின்மேல் விழுந்தது. நாட்கணக்கில் எரிந்து உருகிச் சுருண்ட அதன் எச்சம் இன்றும் அங்கே கிடக்கிறது. போர் முடிந்து கடற்படையும் போனபின் மேல் தொகுதி பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. அரசியலில் இந்தக் குதங்களைப் பற்றிப் பேசாத ஆண்டில்லை. இவற்றை அறைகளாக நினைத்துப் பார்க்கும்படிதான் நான் கேட்கிறேன்.

அதே மோதல் கணக்கைப் போடுவோம். 12,000 கன மீட்டர் உருளை ஒன்று பன்னிரண்டு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஒலி ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சராசரியாக 14 மீட்டர் ஓடும். விநாடிக்கு 24 மோதல்தான். வெறும் உருக்கு நூற்றில் இரண்டு பங்கை விழுங்கினால் அடங்குவதற்கு அதே எழுநூறு மோதல் வேண்டும். நேரம் 29 விநாடி! வாய் திறந்து ஒரு முறை 'ஓம்' என்றால் அந்த ஒலி பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகுதான் அடங்கும். இது தாளில் போட்ட கணக்கு. உண்மைச் சுவரில் துரு உண்டு, அடியில் படிவு உண்டு, தகடு தானே அதிர்ந்து தாழ்ந்த சுரங்களைக் குடிக்கும், உயர்ந்த சுரங்களைக் காற்றே குடித்துவிடும். சரியான விடையைக் குதம்தான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு குதம் விடை சொன்ன கதை உண்டு. ஸ்கொட்லாந்தில் இஞ்சின்டவுன் என்ற இடத்தில், மலையைக் குடைந்து, அதே பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்காக எண்ணெய்க் குதங்களைக் கட்டியது. சீனக்குடாக் குதங்களின் உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். ஆனால் அவை கொங்கிறீட்டு. பெரும்பாலானவை இருநூறு மீட்டருக்கு மேல் நீண்ட சுரங்கங்கள். சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் பேராசிரியர் ட்ரெவர் கொக்ஸ், அரை மீட்டரும் இல்லாத குழாய் வழியே உள்ளே நுழைந்து, வெற்றுத் தோட்டா ஒன்றைச் சுடவைத்து அளந்தார். 125 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சுரத்தில் முழக்கம் 112 விநாடி நின்றது. எல்லாச் சுரங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் 75 விநாடி. 2014இல் அது உலக சாதனையாகப் பதிவானது. 112 விநாடியில் ஒலி ஓடும் தூரம் திருகோணமலையிலிருந்து கந்தளாய் வரைக்கும் இருக்கும்.

இப்படிப்பட்ட கிடங்குகளில் இசை செய்தவர்களும் இருக்கிறார்கள். 1988இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஃபோர்ட் வோர்டன் என்ற பழைய படைக் கோட்டையின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் போலின் ஒலிவெரோஸ் தன் அக்கோடியனோடும் இரண்டு நண்பர்களோடும் இறங்கினார். அங்கே முழக்கம் 45 விநாடி. அவர்கள் பதிந்த 'டீப் லிஸனிங்' தொகுப்பில் எது இப்போது வாசித்தது, எது முக்கால் நிமிடத்துக்கு முன் வாசித்தது என்று பிரிக்க முடியாது. கொலராடோவின் ரேஞ்ச்லி என்ற சிற்றூரில், புகையிரதத்துக்குத் தண்ணீர் கொடுத்த உருக்குத் தொட்டி ஒன்று இருக்கிறது. 1976இல் புரூஸ் ஒட்லண்ட் என்ற இசைக்கலைஞர் அதன் முழக்கத்தைக் கண்டுகொண்டார். உடைத்து விற்கப்படாமல் ஊரும் கலைஞர்களும் காசு சேர்த்துக் காப்பாற்றிய அந்தத் தொட்டி இன்று ஒலிப்பதிவுக் கூடம். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1968இல் போல் ஹோர்ன் என்பவர் தாஜ் மகாலின் கும்மட்டத்துக்குக் கீழே நின்று தனியாகப் புல்லாங்குழல் வாசித்துப் பதிந்தார். கும்மட்டம் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தது.

அரை நிமிடம் அடங்காத இடத்தில் பாடுவது வேறு கலை. ஸ, ரி, க என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினால் மூன்றும் சேர்ந்து தலைக்கு மேல் தொங்கும். ஆகவே ராகத்தைத் தேர்ந்துதான் பாட வேண்டும். மாயாமாளவகௌளையில் ஸட்ஜத்தை ஒட்டியே நிற்கும் ரிஷபம் அதனோடு உரசி உறுத்தும். மோகனத்தின் ஐந்து சுரங்களில் அடுத்தடுத்த எந்த இரண்டும் அவ்வளவு நெருங்குவதில்லை. எல்லாம் ஒருசேர நின்றாலும் இனிக்கும். ஒரு தனிக் குரல் தானே தனக்குக் கூட்டிசையாகும். சீனக்குடாவின் 29 விநாடிக்குள் மோகனத்தில் ஓர் ஆலாபனை. இதை நினைத்தே எனக்குப் பல இரவுகள் போயிருக்கின்றன.

முழக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது இடத்தின் அளவை அப்படியே சொல்லிவிடும். இதற்கு இந்தக் கடலே சாட்சி. 1980களின் தொடக்கத்தில் 'ட்யூலிப்' என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களின் ஒலியை நீரடி ஒலிவாங்கிகளால் பதிந்தார்கள். அந்தத் திமிங்கிலத்தின் தலைக்குள் எண்ணெய் நிறைந்த பேருறுப்பு இருக்கிறது. அது எழுப்பும் 'டிக்' ஒலி அந்த எண்ணெய்க்குள் முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் வெளியே கசிகிறது. ஒரு டிக் உண்மையில் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் வரும் பல டிக்குகள். இடைவெளி நீண்டால் தலை பெரிது, தலை பெரிதானால் உடலும் பெரிது. ஜொனதன் கோர்டன் படங்களிலிருந்து திமிங்கிலங்களின் நீளத்தைக் கணித்து, ஒலி சொல்லும் நீளத்தோடு ஒப்பிட்டு 1991இல் வெளியிட்டார். குரலைக் கேட்டே திமிங்கிலத்தை அளக்கும் முறை இந்தக் கடலில் பரீட்சிக்கப்பட்டது. ஒரு குதம் தன் குரலால் தன்னைச் சொல்வதும் இதே வழியில்தான்.

இனி நான் தள்ளிய பிடிக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த கோயில் எங்கிருந்து வந்தது?

ஒரு பலூனை மண்டபத்தில் வெடிக்கவையுங்கள். ஊசி போன்ற ஒரு கணச் சத்தம். அதற்கு மண்டபம் சொல்லும் பதில் முழுவதையும் பதிந்துகொள்ளுங்கள். இனி எந்தக் குரலையும் அந்த மண்டபத்துக்குள் நிறுத்தலாம். குரல் என்பது கணினிக்கு விநாடிக்கு 48,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னப் பலூன் வெடிப்பு. பெரிய புள்ளிக்குப் பெரிய பதில், சின்னதற்குச் சின்னது. ஒவ்வொன்றுக்கும் மண்டபத்தின் முழுப் பதிலையும் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் அந்த மண்டபத்திலேயே பாடியதாகிவிடும். முப்பது விநாடி முழக்கத்துக்கு இதை நேரடியாகச் செய்தால் விநாடிக்கு 6,912 கோடிப் பெருக்கல். 1965இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட கணக்குக் குறுக்குவழியால் அந்த மலை சுருங்கிவிட்டது. 1999இல் சொனி நிறுவனம் இதற்கென்றே ஒரு கருவியை விற்றது. இன்றைக்கு என் பழைய மடிக்கணினியே செய்கிறது.

இதன் பயன் ஸ்டூடியோவோடு நிற்கவில்லை. இஸ்தான்புல்லின் ஹகியா சோபியாவில் முழக்கம் பதினொரு விநாடி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் அங்கே நாலு பலூன்களை வெடித்துப் பதிந்தார்கள். அதைக்கொண்டு கப்பெல்லா ரொமானா குழு அமெரிக்காவிலிருந்தே பாடிய பழைய பைசாந்தியப் பாடல்கள் 2019இல் தொகுப்பாக வந்தன. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை 2013இல் பிரையன் கட்ஸ் குழுவினர் ஒலியால் அளந்து வைத்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 15இல் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. கல்லையும் மரத்தையும் போலவே ஒலியையும் எந்த நிலைக்கு மீட்க வேண்டும் என்பதற்கு அந்த அளவுகள் கையில் இருந்தன.

எங்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. சுவாமிமலையில் நின்ற பழைய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். கற்கள் கோட்டைச் சுவரில் இருக்கின்றன. கடலுக்குள் விழுந்த தூண்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டார்கள். கல்லை மீட்கலாம். அந்த மண்டபத்தில் ஓதுவார் குரல் எப்படி நின்றது, மணி அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை மீட்க முடியாது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் சுரங்களைக் கணிதத்தால் மீட்க ஆண்டுக்கணக்கில் உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். போன ஒலியைத் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்பதற்கு அந்த நூலே சான்று.

சீனக்குடாவின் வெற்றுக் குதங்களும் இப்படியே இருக்கப்போவதில்லை. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 61 குதங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி.யும் சேர்ந்து அமைத்த நிறுவனத்திடம் இருக்கிறது. 24 குதங்கள் கூட்டுத்தாபனத்திடமும் 14 லங்கா ஐ.ஓ.சி.யிடமும். குதங்கள் புதுப்பிக்கப்பட வேண்டியவைதான், நாட்டுக்கு எண்ணெய் வேண்டும். ஆனால் எண்ணெய் நிரம்பிய குதத்துக்குக் குரல் கிடையாது. அதற்கு முன் ஒரேயொரு குதத்தையாவது பதிந்து வையுங்கள். குதத்தைக் கழுவி, நச்சு வாயு இல்லையென்று உறுதிசெய்து, பழுது பார்ப்பவர்கள் உள்ளே இறங்கும் நாளில் ஒரு மணித்தியாலம் போதும். பலூனுக்குத் தீப்பொறியும் கிடையாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில்தான் இருக்கிறது. பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் அமையாது. ஆர்வத்தில் யாரும் தனியாகக் காட்டுக்குள் போய்க் குதத்துக்குள் இறங்க வேண்டாம். பழைய எண்ணெய்ப் படிவின் ஆவியும் துருவேறிய தகடும் உயிருக்கு ஆபத்து. பொறுப்பானவர்கள் முறையாகச் செய்ய வேண்டிய வேலை இது, கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

கனடாவுக்கு அனுப்பியது கோயில் முழக்கத்தோடு கூடிய பாட்டு. பிள்ளையின் மொட்டைக் குரலை நான் அழிக்கவில்லை. சீனக்குடாவின் பதில் கிடைக்கும் நாளுக்காக அது என் கணினியில் அப்படியே இருக்கிறது.